பதினொரு சிவப்பு நாடாக்கள்

நான் தீ வைத்தபோது காலை ஒன்பது மணி இருக்கும். மார்ச் முதல் வாரம். இரண்டு நாளாக மழை இல்லை, காற்றும் இல்லை. எரிப்பதற்கென்றே செய்துவைத்த நாள். எர்சீலியாவின் தோப்பில் பதினொரு செஸ்ட்நட் கொட்டை மரங்களை மூன்று நாளாகத் தனி ஆளாகக் கவாத்து செய்து, வெட்டிய கிளைகளை ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தேன். என் வாழ்நாளில் நான் செய்த எந்த வேலையும் அவ்வளவு ஒழுங்காக அமைந்ததில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

குவியல் நன்றாகப் பிடித்துக்கொண்டது. கிளைகளில் ஒட்டியிருந்த காய்ந்த முடிச்சுகள் சோளப்பொரி மாதிரி படபடவென்று வெடித்தன. அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது. ஒவ்வொரு வெடிக்கும் ஒரு எதிரி ஒழிந்தான் என்று கணக்கு வைத்துக்கொண்டு, ரொட்டியையும் தொத்திறைச்சியையும் தின்றபடி, நெருப்புக்கு முதுகைக் காட்டிக் குளிர் காய்ந்தேன்.

எதிரி ஒரு குளவி. எறும்பைவிடச் சின்னது. ஐந்து வருஷத்துக்கு முன்னால் யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த ஒட்டுக்குச்சிகளோடு இத்தாலிக்குள் நுழைந்து, மலை மலையாகத் தாவி, எங்கள் காம்போஸ்குரோவுக்கும் வந்து சேர்ந்தது. மொட்டுக்குள் முட்டையிடும். வசந்தத்தில் அந்த மொட்டிலிருந்து இலையும் பூவும் வருவதற்குப் பதிலாகச் சிவப்பாக ஒரு முடிச்சு புடைக்கும். பூ இல்லையென்றால் கொட்டை இல்லை. கொட்டை இல்லையென்றால் எங்கள் ஊரில் வேறு என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். கல் இருக்கிறது. கூட்டுறவுச் சங்கத்தின் தலைவராக நான் இருக்கிறேன்.

முதலில் எங்களுக்கு வந்த உத்தரவு: முடிச்சு விழுந்த கிளையை வெட்டு, எரி. எரித்தோம். ஒரு பயனும் இல்லை. பிறகுதான் மருந்து வந்தது. அதுவும் ஒரு குளவிதான். பச்சை மினுங்கலோடு, கெட்டதைவிடச் சற்றே நீளமாக இருக்கும். இது அந்த முடிச்சுக்குள் முட்டையிடும். இதன் புழு கெட்டதன் புழுவைத் தின்றுவிட்டு, காய்ந்த முடிச்சுக்குள்ளேயே குளிர்காலம் முழுக்கத் தூங்கும். ஏப்ரலில் வெளியே வரும். எனவே புது உத்தரவு: நல்ல குளவி விட்ட மரங்களில் கிளையை வெட்டாதே; வெட்டினாலும் எரிக்காதே. அந்தத் தாளை ஃபோஸ்கோவின் பார் கதவில் பசை தடவி ஒட்டியவனே நான்தான். நேராகத்தான் ஒட்டினேன்.

ஆனால் நல்ல குளவியை எந்த மரத்தில் விட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நகரத்திலிருந்து அதிகாரிகள் வந்து, எர்சீலியாவின் தோப்பில் சாலையோரம் நிற்கும் பெரிய மரத்தடியில் மேயர் கையால் கண்ணாடிக் குழாயைத் திறந்தார்கள். நான் பக்கத்தில் நின்று கை தட்டினேன். போட்டோவில் மேயரின் தோளுக்குப் பின்னால் தெரியும் பாதிக் காது என்னுடையது. கவாத்து செய்த மூன்று நாளும் அந்தப் பெரிய மரத்தின் ஒரு சுள்ளியைக்கூட நான் தொடவில்லை. அதைக் கடந்து போகும்போது தொப்பியைக் கழற்றினேன்.

நான் வெட்டியது மேலே சரிவில் இருந்த பதினொரு மரங்களை. ஒவ்வொன்றின் அடிக்கிளையிலும் வெளிறிப்போன ஒரு சிவப்பு நாடா கட்டியிருந்தது. எங்கள் மலையில் ஒரு மரத்தில் சிவப்பு இருந்தால் அதற்கு ஒரே பொருள்தான். வனக்காவலர் சிவப்புச் சாயத்தைத் தீற்றிவிட்டுப் போனால் அடுத்த வாரம் நாங்கள் கோடாரியோடு போவோம், பேச்சே கிடையாது. எர்சீலியா பேறுகாலத்துக்கு மகள் நோர்மாவின் வீட்டுக்கு, கடற்கரைக்குப் போயிருந்தாள். முழங்கால் வலியால் அவளால் ஏணி ஏற முடியாது. வெட்ட வேண்டியதற்கு அடையாளம் கட்டி வைத்திருக்கிறாள், கூலிக்கு ஆள் தேடுவாள், அதற்குள் நான் முடித்துவைத்தால் திரும்பி வந்ததும் அசந்துபோவாள் என்று நினைத்தேன். நினைத்தது அவ்வளவுதான்.

புகையைப் பார்த்துவிட்டு ஓரியெத்தா மேலே ஏறி வந்தாள். மரங்களுக்கு வைத்தியம் படித்த பெண், முப்பது வயது இருக்கும், நகரத்துக்காரி. நாங்கள் டாக்டரம்மா என்று கூப்பிடுவோம். வருஷத்துக்கு மூன்று நான்கு தடவை முடிச்சுகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு போவாள்.

"என்ன எரியுது, தலைவரே?"

"முடிச்சு விழுந்த கிளைதான், டாக்டரம்மா. பயப்படாதீங்க, உங்க மரத்துல நான் கை வெக்கல. ரோட்டோரம் மகாராணி மாதிரி நிக்குது, போய்ப் பாருங்க."

"எந்த மரம்?"

"அதான், மேயர் போட்டோ எடுத்துக்கிட்டாரே."

அவள் நெருப்பைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "அந்த மரத்துல ஒண்ணுமே விடலையே."

"எப்படி? குழாயைத் திறந்தாரே. நான் கை தட்டினேனே."

"அது காலிக் குழாய். மேயருக்கு மூட்டு வலி, மேல ஏற மாட்டேன்னுட்டார். போட்டோவுக்காக ஒரு காலிக் குழாயைக் கொடுத்தேன். நீங்கல்லாம் சாப்பிடப் போனப்புறம் நானும் எர்சீலியாம்மாவும் நிஜக் குழாயைத் தூக்கிக்கிட்டு மேல போனோம். பதினொரு மரம். அடையாளத்துக்கு நாடா கட்டினேன்."

"என்ன கலர் நாடா?" என்று கேட்டேன். மனிதன் சில கேள்விகளைக் கொஞ்சம் நேரம் வாங்குவதற்காகத்தான் கேட்கிறான்.

அவள் குவியலைக் கைகாட்டினாள். குவியலின் ஓரத்தில் ஒரு நாடா கிளையோடு சேர்ந்து சுருண்டு எரிந்துகொண்டிருந்தது.

அதன்பின் நான் செய்தவற்றை வீரம் என்று சொல்ல ஆசைதான். கையாலேயே கிளைகளை இழுத்தேன். ஜாக்கெட்டைக் கழற்றி நெருப்பை அடித்தேன், ஜாக்கெட் எரிந்தது. தொப்பியில் ஓடைத் தண்ணீரை மொண்டுவந்தேன், வழியிலேயே ஒழுகிவிட்டது. ஓரியெத்தா மட்டும் ஒரு நீளக் கழியை எடுத்து, குவியலின் அடியிலிருந்து ஈரக் கிளைகளை நிதானமாகத் தள்ளி வெளியே எடுத்தாள். இரு கையால் அணைக்கும் அளவுக்குத் தேறியது. பாதி கருகியது. அதை அவள் பையில் போட்டு, மேலே தோப்பின் பெயரும் தேதியும் எழுதினாள்.

"எல்லாம் போச்சா?" என்று கேட்டேன்.

"இப்ப உறுதியா ஒண்ணும் சொல்ல முடியாது. உச்சிக் கிளைல கொஞ்சம் மிச்சம் இருக்கலாம்."

"போச்சா, போகலையா?"

"அப்படிக் கறுப்பு வெள்ளையாப் பாக்கிற விஷயம் இல்ல, தலைவரே. மே மாசம் பாப்போம். உங்க புருவத்துக்கு எதையாவது தடவுங்க."

தொட்டுப் பார்த்தேன். புருவம் இல்லை.

நான் தலைவரான கதையையும் சொல்லிவிடவேண்டும், இல்லாவிட்டால் என்னைப் பெரிய ஆள் என்று நினைத்துக்கொள்வீர்கள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால், பாழடைந்துகிடந்த தோப்புகளைத் திருத்தி, கொட்டை மாவு அரைத்து விற்றால் ஊர் பிழைக்கும் என்று ஒன்பது குடும்பங்கள் சேர்ந்து சங்கம் ஆரம்பித்தோம். யார் தலைவர் என்ற பேச்சு வந்தபோது நான் கழிப்பறைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது எல்லோரும் கை தட்டினார்கள். அதற்கு முன்னால் நான் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டினேன். கடைசி வருஷம் அதில் இரண்டு பிள்ளைகள். அவர்களும் அடுத்த வருஷம் கீழே போய்விட்டார்கள். கீழே போவது எங்கள் ஊரில் ஒரு நோய். என் மனைவி தொண்ணூற்றொன்றில் பல் பிடுங்கக் கீழே போனாள், இன்னும் திரும்பவில்லை.

ஆனால் சங்கம் நடந்தது. முட்புதர்களை வெட்டினோம். இடிந்த உலர்த்தும் வீட்டைக் கட்டினோம். கல் சுவர், நடுவில் மரச்சட்டம் பரப்பிய தளம். மேலே கொட்டை, கீழே நாற்பது நாள் அணையாத நெருப்பு. தளத்தில் முழங்கால் உயரத்துக்காவது கொட்டை நிரம்பினால்தான் நெருப்பு போட முடியும். குறைவாக இருந்தால் உலர்வதற்குள் கருகிவிடும். அந்த உயரத்தில் பாதியை ஒவ்வொரு வருஷமும் எர்சீலியா ஒருத்தியின் தோப்புதான் நிரப்பியது.

எர்சீலியாவும் நானும் ஒரே வகுப்பு. ஆறு பேர் இருந்த வகுப்பில் அவள் முதல், நான் ஆறாவது. அவள் கணவன் ஆமோஸ் கிளையோடு சேர்ந்து விழுந்து இறந்து ஆறு வருஷமாகிறது. அன்றிலிருந்து மகள் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள்: கீழே வா, பக்கத்து ஓட்டலில் படுக்கை விரிக்கும் வேலை இருக்கிறது, லிஃப்ட் இருக்கிறது. எர்சீலியா மாட்டேன் என்பாள். குளவி வந்து மூன்று அறுவடை பொய்த்த பிறகும் மாட்டேன் என்றாள். இந்த ஜனவரியில் ஓரியெத்தா அவளுடைய தோப்பிலிருந்து நூறு முடிச்சுகளைப் பிளந்து பார்த்து, பதினாலில் நல்ல புழு இருக்கிறது என்று சொன்னாள். எர்சீலியா நேராக ஃபோஸ்கோவின் பாருக்கு வந்து, எல்லோருக்கும் கேட்கும்படி, "புழு பிடிச்சிருச்சு. நான் எங்கயும் போகல. போகணும்னா அது செத்தாத்தான்," என்று சொல்லிவிட்டு ஒரு கோப்பை ஒயின் குடித்தாள். அந்தக் கோப்பையை ஊற்றிக்கொடுத்தவனே நான்தான்.

எர்சீலியா திரும்பி வருவதற்கு இரண்டு நாள் இருந்தது. அந்த இரண்டு நாளில் ஊரில் கேட்கக்கூடியவர்கள் எல்லோரிடமும் கேட்டுவிட்டேன்.

பாரில் நுழைந்ததும் சீட்டாட்டம் நின்றது. "தலைவரே வாங்க," என்றான் ஃபோஸ்கோ. "அடுப்பு மந்தமா எரியுது. நீங்க கை வெச்சா நல்லா பிடிக்கும்னாங்க."

"புருவத்தை எங்க அடகு வெச்சே?" என்றது சீட்டு மேசையிலிருந்து ஒரு குரல்.

நானும் சிரித்தேன். சிரிக்கத் தெரிந்தவனுக்கு அடி கொஞ்சம் குறைவாக விழும் என்று சின்ன வயதிலேயே கண்டுபிடித்தவன் நான். பிறகு ஃபோஸ்கோவிடம் குனிந்து கேட்டேன். "விளையாட்டு வேண்டாம். எர்சீலியா ஊரைவிட்டுப் போற மாதிரி ஆனா, அது என்னாலயா?"

ஃபோஸ்கோ ஒரு கண்ணாடிக் கோப்பையைத் துடைத்தான். அது ஏற்கனவே துடைத்த கோப்பை. "இந்த வருஷம் குளிரும் ஜாஸ்திதான்."

"குளிர் புழுவை என்னடா பண்ணும்? அதோட சொந்த ஊர்ல இதைவிடக் குளிராம்."

"அப்படியா? அப்ப அது சூடு தாங்காதோ என்னவோ."

மேசையில் ஒருவன் சிரித்துவிட்டு, சிரித்ததற்காக இருமினான்.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை வரும் எஜிஸ்தோ பாதிரியார் நல்ல வேளையாக அந்த ஞாயிறு வந்திருந்தார். பாவசங்கீர்த்தனக் கூண்டில் மண்டியிட்டேன். "ஃபாதர், குளவிகளை எரிச்சிட்டேன். எத்தனைன்னு தெரியாது."

"வேணும்னேவா?"

"இல்ல."

"அப்ப பாவம் இல்ல. அடுத்து?"

"அடுத்து ஒண்ணும் இல்ல ஃபாதர், அது ஒண்ணுதான். எர்சீலியா ஊரைவிட்டுப் போயிட்டா அது என் தலைலயா விழும்?"

வலைக்கம்பிக்குப் பின்னால் அவர் கொஞ்சம் அசைந்தார். "நீ பூசைக்கு வந்து எத்தனை நாளாச்சு, டொராண்டோ?"

எழுந்து வந்துவிட்டேன். அதற்கு மட்டும் எனக்கே நேரான பதில் தெரியும்.

நல்ல குளவியைக் கொடுத்த நகரத்து அலுவலகத்துக்கும் திங்கள் காலை போன் போட்டேன். இன்னொரு குழாய்ப் பெட்டி தரமுடியுமா என்று கேட்டேன். மொத்தப் பள்ளத்தாக்குக்கும் ஒன்றுதான் ஒதுக்கியது, அதை வாங்கியாகிவிட்டது, மறுபடி வேண்டுமென்றால் பட்டியலில் பெயர் சேர்க்கிறோம் என்றார்கள். பட்டியலில் எத்தனாவது என்று கேட்டேன். கடைசியிலிருந்து எண்ணினால் சுலபம் என்று அந்த மனிதர் சொன்னார். நகைச்சுவை உணர்வு உள்ளவர். வேறொரு நாளாக இருந்தால் எங்களுக்குள் நட்பாகியிருக்கும்.

எர்சீலியாவிடம் மட்டும் நான் கேட்கவில்லை.

திங்கட்கிழமை மதியப் பேருந்தில் வந்து இறங்கினாள். நான் நிறுத்தத்தில் நின்றிருந்தேன். பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"ஃபோஸ்கோ போன்ல சொன்னான். புருவம் இல்லாம உன் மூஞ்சி வேகவெச்ச முட்டை மாதிரி இருக்குடா."

"எர்சீலியா, நான்..."

"பேத்தி நல்லா இருக்கா. மூணு கிலோ. வா, தோப்புக்குப் போவோம்."

முழங்காலைப் பிடித்துக்கொண்டு சரிவில் ஏறினாள். பதினொரு மரத்தையும் ஒவ்வொன்றாகச் சுற்றி வந்தாள். கைக்கெட்டிய வெட்டு முனைகளைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். கடைசி மரத்தடியில் நின்று, "வெட்டு நல்லா இருக்கு," என்றாள். "சரிவா வெட்டியிருக்கே. தண்ணி நிக்காது. ஆமோஸ் கூட இவ்வளவு சுத்தமா வெட்ட மாட்டான்."

திட்டுவாள் என்று இரண்டு நாளாகத் தயார் செய்துகொண்டு வந்தவனுக்கு அது தாங்க முடியவில்லை. நான் எதிர்பார்த்திருந்த அடி எதுவும் அவ்வளவு வலித்திருக்காது.

வீட்டுக்குள் கூட்டிப்போய்க் கொட்டை மாவில் களி கிண்டினாள். பலகையில் கொட்டி, நூலால் அறுத்து, மேலே புதுப் பாலாடைக்கட்டி வைத்துக் கொடுத்தாள். மாவு டப்பாவின் அடியைக் கரண்டியால் சுரண்டும் சத்தம் கேட்டது. மூன்று வருஷத்துக்கு முந்தைய மாவு; கடைசி மாவு. நான் தின்றேன். வேண்டாம் என்று சொல்லியிருக்கவேண்டும் என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றியது.

மே மாதம் மரங்கள் துளிர்த்தன. துளிர்த்தன என்பது மரியாதைக்காகச் சொல்வது. ஒவ்வொரு கிளை நுனியிலும் சிவப்பு முடிச்சுகள், கொப்புளம் கொப்புளமாக. தூரத்திலிருந்து பார்த்தால் பூத்திருப்பது போலவே இருந்தது. வெளியூர்க்காரர் ஒருவர் காரை நிறுத்திப் படமெடுத்துக்கொண்டு போனார்.

ஓரியெத்தா எர்சீலியாவின் சமையலறை மேசையில் உட்கார்ந்து நூறு முடிச்சுகளைச் சின்னக் கத்தியால் பிளந்தாள். பூதக்கண்ணாடியில் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எர்சீலியா எதிரே உட்கார்ந்து, பிளந்ததை எல்லாம் ஒரு தட்டில் வாங்கிக்கொண்டாள். நான் கதவோரம் நின்றேன். என்னை உட்காரச் சொன்னார்கள், உட்கார முடியவில்லை.

எழுபதைத் தாண்டும்வரை வெறும் கெட்ட புழுதான். எழுபத்திரண்டாவதில் ஓரியெத்தா நிமிர்ந்தாள். "இதுல இருக்கு."

மிச்சத்தையும் பிளந்தாள். வேறு எதிலும் இல்லை.

"ஒண்ணு," என்றேன்.

"ஒண்ணு இருந்தா இனம் அழியலைன்னு அர்த்தம், தலைவரே. அது நல்ல சேதி."

"அப்ப நான் எல்லாத்தையும் எரிக்கல. அப்படித்தானே?"

"நூறுங்கிறது சின்னக் கணக்கு. இதை வெச்சு யாரையும் குத்தம் சொல்லவும் முடியாது, இல்லேன்னு சொல்லவும் முடியாது."

எர்சீலியா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஓரியெத்தாவிடம் மட்டும் கேட்டாள். "காய்க்க எத்தனை வருஷமாகும்மா?"

"பக்கத்துப் பள்ளத்தாக்கிலேருந்து பறந்து வந்தா நாலு. இல்லேன்னா ஆறு, ஏழு."

"எனக்கு இப்ப அறுபத்தொண்ணு," என்றாள் எர்சீலியா. யாரிடமும் முறையிடுவது போல் இல்லை; சந்தையில் எடை சொல்வது போல் சொன்னாள். தட்டிலிருந்த முடிச்சுகளை அடுப்பில் கொட்டப் போனவள், ஒரு கணம் நின்று, சன்னலைத் திறந்து வெளியே வீசினாள்.

கோடையில் நானே ஒரு பைத்தியக்காரத்தனம் செய்தேன். பக்கத்துப் பள்ளத்தாக்குக்குப் பழைய காரில் போய், அங்கே நல்ல குளவி பெருகியிருந்த ஒரு தோப்புக்காரனிடம் கெஞ்சி, காய்ந்த முடிச்சுகளை மூன்று சாக்கில் நிரப்பிக் கொண்டுவந்தேன். ஓரியெத்தா ஒன்றை விரல்களுக்கு நடுவே வைத்து உருட்டினாள். "ஓட்டை இருக்கு பாருங்க. போன ஏப்ரலிலேயே எல்லாம் பறந்து போயிருச்சு. நீங்க காலி வீட்டைத் தூக்கிட்டு வந்திருக்கீங்க." மூன்று சாக்குக் காலி வீடு. வழியில் இரண்டு தடவை சக்கரம் வேறு பஞ்சரானது. இதைப் பாரில் நானே சொல்லிச் சிரிக்க வைத்தேன். எல்லோரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். எர்சீலியாவும் அன்று ஏதோ வாங்க வந்திருந்தாள். அவள் சிரிக்கவில்லை.

அக்டோபரில் வழக்கம்போல் கொட்டை பொறுக்க மரத்தடியில் வலை விரித்தோம். கொட்டையை மூடிய முள்கூடுகள் விழுந்தன. பூட்ஸ் காலால் மிதித்துப் பிரித்தால் உள்ளே மூன்று தட்டைத் தோல், நடுவில் ஒன்றும் இல்லை. எர்சீலியா குனிந்து குனிந்து கூட்டினாள். மாலைவரை கூட்டியும் அவள் கூடை பாதிதான் நிறைந்தது. மற்றக் குடும்பத்தினரும் கொண்டுவந்து கொட்டினார்கள். உலர்த்தும் வீட்டுத் தளத்தில் பரப்பி, நான் ஏறி நடுவில் நின்று பார்த்தேன். என் கணுக்கால் தெரிந்தது.

"குதிச்சுப் பாரு, கொஞ்சம் உயரமாகும்," என்றான் கீழேயிருந்து ஃபோஸ்கோ. அதற்குக்கூட யாரும் சிரிக்கவில்லை.

அந்த வருஷமும் நெருப்பு போடவில்லை. பச்சைக் கொட்டையை ஆளுக்குக் கொஞ்சம் பங்கிட்டுக்கொண்டு கலைந்தோம். நவம்பர் முழுக்கக் காம்போஸ்குரோவின் மேல் இருக்கவேண்டிய புகை இல்லாமல், வானம் ரொம்பச் சுத்தமாக இருந்தது.

மாதக் கடைசியில் எர்சீலியா ஃபோஸ்கோவிடம் வேன் கேட்டாள். ஓட்டுவதற்கு என்னைக் கேட்டாள். ஒருவேளை ஊரில் வேறு டிரைவர் இல்லை என்பதாலும் இருக்கலாம்.

காலை எட்டு மணிக்குப் போனேன். வீட்டில் பாதி ஏற்கனவே பெட்டியில் இருந்தது. பீங்கான்களைச் சுற்றக் காகிதம் போதவில்லை என்றதும் வீட்டுக்குப் போய்ச் சங்கத்தின் மாவுப் பைகளை ஒரு கட்டு எடுத்துவந்தேன். சங்கம் ஆரம்பித்த உற்சாகத்தில் மூவாயிரம் அச்சடித்தவை. ஊர்ப் பெயரும் ஒரு அணிலும் போடச் சொல்லியிருந்தேன். அச்சகத்துக்காரன் போட்டது எலி மாதிரி வந்துவிட்டது. எலி படம் போட்ட மாவை யார் வாங்குவார்கள் என்று எர்சீலியா அன்றைக்குக் கத்தியது நினைவிருக்கிறது. இப்போது ஒரு கோப்பையை அதில் சுற்றியபடி, "எலிதான்," என்றாள். அவ்வளவுதான்.

கட்டிலைக் கழற்றினோம். ஆமோஸின் ஏணியை எடுத்துக்கொள்ளப் போகிறாயா என்று கேட்டேன். "மூணாவது மாடில ஏணியை வெச்சு நான் எங்க ஏறப் போறேன்? நீ எடுத்துக்க," என்றாள். நான் எடுத்துக்கொள்ளவில்லை. தொழுவத்துச் சுவரில் சாத்திவிட்டு வந்தேன்.

வேனின் பின்கதவைச் சாத்தியதும் அவள் வாசல் கல்லில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்தாள். நான் சாவியை விரலில் மாட்டிச் சுழற்றிக்கொண்டு நின்றேன். கீழே போகும் சாலையில் இருக்கும் நாற்பத்தேழு வளைவுகளுக்கும் வளைவுக்கொன்றாக வேடிக்கைப் பேச்சுத் தயார் செய்து வைத்திருந்தேன்.

"ஊர் முழுக்கக் கேட்டியாமே," என்றாள் எர்சீலியா.

"என்னத்தை?"

"பாதிரியார்கிட்ட, ஃபோஸ்கோகிட்ட, டாக்டரம்மாகிட்ட. தபால்காரிகிட்ட கூடக் கேட்டியாம்."

"தபால்காரி இந்த வருஷம் மழை கம்மின்னா."

"என்கிட்ட கேக்கலையே."

"உன்கிட்ட கேட்டா நீ பதில் சொல்லிடுவியே, அதான்," என்றேன். அதை நகைச்சுவையாகத்தான் சொன்னேன். ஆனால் என் குரல் நடுவில் எங்கேயோ உடைந்துவிட்டது.

"இப்ப கேளு."

"ஐயா நீதிபதி அவர்களே, இந்தப் புருவமில்லாத குற்றவாளி..."

"சிரிக்காம கேளுடா."

சாவியைச் சட்டைப்பையில் போட்டேன். என்ன செய்வதென்று தெரியாமல் கைகளையும் பைகளுக்குள் விட்டேன். அறுபத்தொரு வயதில் முதல்தடவையாக ஒரு கேள்வியை நேராகக் கேட்டேன்.

"நீ என்னாலயா போறே, எர்சீலியா?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். தோப்பைப் பார்க்கவில்லை, வேனைப் பார்க்கவில்லை.

"ஆமா," என்றாள். "உன்னாலதான். ஆமோஸ் செத்தப்ப நான் போகல. மூணு வருஷம் கொட்டை இல்லாதப்பவும் போகல. ஜனவரில நோர்மாவுக்குப் போன் பண்ணி, இனிமே என்னைக் கூப்பிடாதேன்னு சொல்லிட்டேன். அவ அழுதா. நல்ல மனசோட செஞ்சேன்னு எனக்குத் தெரியும், அது ஊருக்கே தெரியும். அதனாலதான் யாரும் உனக்குச் சொல்லல. ஆனா நீ கேட்டது அது இல்லையே. அன்னிக்கு நீ அந்தக் கிளையை எரிக்காம இருந்திருந்தா, நான் இங்கதான் இருந்திருப்பேன்."